வெட்டுப் பட்டியல்மேல் வந்த ஆங்கில வரி

வடமாலபேட்டை
16-2-2003

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நானும் உன் அம்மாவும் உயிரோடும் ஓரளவு முழுசாகவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நம் கரும்பு அலுவலகத்தின் வரலாற்றில் அழியாத தீர்மானம் ஒன்று பொங்கல் கழிந்த வாரம் நிறைவேறியது. வெட்டு உத்தரவுப் பட்டியலின் தலையில் அச்சாகும் ஆங்கில வரி இனி அச்சாகக் கூடாது. மேனேஜர் எழுந்து நின்று கையெழுத்திட்டார், இரண்டு முறை டீ வந்தது. யார் கரும்பை எப்போது வெட்டலாம் என்று சொல்வது நீ அமெரிக்கா போகுமுன் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்தானே, அதில் பதினாலாம் வரியில் பிழை என்று அந்த ஆங்கில வரி தினமும் வந்துகொண்டிருந்தது. வரும்போதெல்லாம் மேனேஜர் பட்டியலைக் கையால் சரிபார்த்துத்தான் ஒட்டுவார். விவசாயிகளுக்கோ அந்த வரிமேல் சந்தேகம். பாலையாவின் கரும்பு பதிமூன்று மாதமாகியும் வெட்டு முறை வராமல் பூவிட்டுக் காய்கிறது, அவன் என் சட்டையைப் பிடித்து, "இன்னா குமாஸ்தா, எவன் பேரை இங்கிலீசுல மறைச்சி வெச்சிக்கீற? என் கரும்பு அங்க காஞ்சிக்கினு கீது" என்று உலுக்கியதில் இரண்டு பொத்தான்கள் போயின. போனில் கேட்டபோது நீ, அந்த வரியைக் கண்ணில் படாமல் பண்ணிடலாம், ஆனா மொதல்ல அது இன்னா சொல்லுதுன்னு படி நைனா என்றாய். நீ சொன்னதில் முற்பாதியே தீர்மானத்துக்குப் போதுமானதாக இருந்தது.

வரி நின்றது, சரிபார்ப்பதும் நின்றது. இன்னொரு விவசாயி நாராயணசாமி ஆகாத அஷ்டமியில் கரும்பு நட்டுவிட்டு, "தேதி போடாத சாமி, ஊரு சிரிக்கும்" என்று கெஞ்சியதால் அவன் நடவுத் தேதிக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். பத்து மாதத்துக்குக் குறைவென்றால் காத்திரு, இல்லையென்றால் வெட்டு என்பது நீ வைத்த நிபந்தனை. காலியை எதோடும் ஒப்பிட முடியாத கம்ப்யூட்டர் ஒரு கத்து கத்திவிட்டு 'இல்லையென்றால்' பக்கம் போய்விடுமாம். அந்தக் கத்தல்தான் ஆங்கில வரி, அதை நாங்கள் நிறுத்தியிருந்தோம். ஆறு மாதப் பச்சைக் கரும்புக்கு முதல் உத்தரவு ஒட்டப்பட்டது. செவ்வாய்க்கிழமை நாராயணசாமி அதை டீக்கடையில் விசிறிக்கொண்டு, "கம்ப்யூட்டருக்கே என் மூஞ்சி புடிச்சிப் போச்சி, உனுக்கு இன்னாடா எரியுது?" என்று பாலையாவைக் கேட்டான். பாலையா கரும்புக் கத்தியால் அவன் தோளில் வெட்டினான், விழுந்தபின் கழுத்திலும். தடுக்கப் போன என் இடது முழங்கையில் கத்தியின் பின்பக்கம் பட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது, புத்தூரில் கட்டுப் போட்டாயிற்று, கவலைப்படாதே. நாராயணசாமி திருப்பதி போகும் வழியில் ஜீப்பிலேயே இறந்தான். அவன் ஆட்கள் அலுவலகத்துக்கு வந்து கோடரியால் மானிட்டரைப் பிளந்தார்கள், கீழே இருக்கும் பெட்டிதான் கம்ப்யூட்டர் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஏழுமலையான் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ஸ்கிரிப்டில் காலிக் கட்டத்தை முதலில் சோதிக்கும் வரியைத் தபாலில் எழுதி அனுப்பு, இடைவெளி எங்கே விட வேண்டும் என்றும் குறித்துவிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

ஆசிகளுடன் உன் நைனா
முனியப்பன்

பி.கு. பாலையாவுக்கு வெட்டு உத்தரவு நேற்று வந்தது. அவன் சித்தூர் ஜெயிலில் இருப்பதால் அவன் மனைவி வெங்கடலட்சுமி கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டாள்.