எட்டாவது சீடி

உப்புவெளி,
14.10.2007

அன்புள்ள மகன் ரமணீதரனுக்கு,

அப்பாவும் நானும் நல்ல சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்கக் கோணேசர் துணை. வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் என்று நினைக்காதே, இந்த முறை இது மெய்யான சுகம், ஏனென்றால் போன புதன் காலை தொடக்கம் வியாழன் பின்னேரம் மட்டும் அப்பாவைப் பொலிசில் பிடித்து வைத்திருந்தார்கள். பதறாதே ராசா, ஆள் இப்போது விறாந்தையில் கதிரை போட்டிருந்து பேப்பர் பார்க்கிறார், மேலில் ஒரு கீறல் இல்லை, சீனி வருத்தம்கூடக் கட்டுக்குள்தான் நிற்கிறது. இது போனில் சொல்ல ஏலாத கதை. முன்வீட்டு லாபிரின் மச்சான் நாளைக்குக் கொழும்புக்குப் போகிறார், அங்கே தபாலில் போடச் சொல்லி அவர் கையில் கொடுப்பதால்தான் மனம் விட்டு எழுதுகிறேன்.

எல்லாம் உன் பார்சலால் வந்த வினை. அப்பா சைக்கிளில் போய்த் தபால் கந்தோரில் எடுத்துக்கொண்டு வர, சோதனைச் சாவடியில் மறித்து உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். துவாய்க்குள் சுற்றி ஏழு சீடி. பெயரும் இல்லை படமும் இல்லை, ஒன்று இரண்டு என்று உன் கையெழுத்தில் இலக்கம் மட்டும், கூடவே ஒரு துண்டு, எட்டாவது இன்னும் முடியவில்லை, முடிந்ததும் அனுப்புகிறேன் என்று. ஏன் மகன், நாடு கிடக்கிற கிடையில் இப்படியா எழுதுவது? நீ வேலை செய்த ரீவி நாடகம் என்று ஒரு சொல் எழுதினால் கை தேய்ந்துவிடுமா? இதற்குள் என்ன என்று கேட்டதற்கு உன் அப்பா, அரிச்சந்திரனின் பேரன், தெரியாது என்றாராம். மகன் அனுப்பினது, ஆனால் என்னவென்று தெரியாது. பிறகு விடுவார்களா? லாபிர் ஓடிவந்து சொல்ல, அவருடைய ஓட்டோவிலேயே போனேன். அன்றைக்குக் கண்ணிலும் காட்டவில்லை. மருந்துப் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த இரவை நான் எழுதப் போவதில்லை.

அடுத்த நாள் காலை போய் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்று, துறைமுகக் கந்தோரில் இருபத்தாறு வருஷம் டைப் அடித்தனான், எனக்குச் சிங்களமும் இங்கிலிசும் தெரியும், அதைப் போடுங்கோ மாத்தையா, நான் விளங்கப்படுத்துறன் என்றேன். அப்பாவை எதிர் வாங்கில் இருத்திவிட்டுக் கொம்பியூட்டரில் போட்டார்கள். தொடக்கமே பார், ஜன்னல் இல்லாத அறை, சுவர் முழுக்கப் பஞ்சு, எங்கே பார்த்தாலும் வயர், காதில் ஹெட்போன் மாட்டின பொடியன் ஒருவன் மூன்று, இரண்டு, ஒன்று என்று விரலை மடக்குகிறான். இன்ஸ்பெக்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நல்ல காலம், அங்கே ஒரு சார்ஜன்ட், முந்திப் பொலிஸ் பாண்டில் கிளாரினட் ஊதினவராம், சேர், இது பாட்டு ரெக்கோட் பண்ற இடம் என்று சொல்லி என் வயிற்றில் பால் வார்த்தார்.

ஆனால் அதோடு முடியவில்லை. பாட்டுக்காரப் பொடியனும் ரெக்கோட் பண்ணுகிற பொடியனும் படிக்கட்டில் நின்று குசுகுசுக்கிறதும், ஒரே வீட்டுக்குப் போக இரண்டு பஸ் பிடிக்கிறதும், கொம்பனிக்காரன் கேட்டால் பொய் சொல்லுறதும் ஏன், ஒளிச்சுத் திரியிறவன் என்ன வேலை செய்யிறவன் எண்டு எங்களுக்குத் தெரியும் நோனா என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு மூன்றாவது சீடியிலேயே விளங்கிவிட்டது மகன். அதில் ஒரு தாய் ஞாயிறுதோறும் போன் எடுக்கிறாளே, பொம்பிளை பீ.கொம். படிச்சவள், நிறம் கொஞ்சம் மட்டு, ஆனால் குணம் தங்கம் என்று, அது நான் உனக்குச் சொன்னது, ஒரு சொல் மாறவில்லை! (அந்த நடிகை என்னை விட இரண்டு மடங்கு மொத்தமான ஆள், அது உனக்கே நல்லாயிருக்கா?) முடிவில் எழுத்துப் போகிற இடத்தில் இசை ரமணீதரன், ஒலிப்பதிவு மார்ட்டின், கதை இரண்டு பேரும் என்று வர, நான் எடுக்கிற நேரமெல்லாம் போனைத் தூக்கி வணக்கம் சொல்லுகிற உன் அறைத்தோழர் ஆரென்றும் விளங்கியது. மூன்று வருஷமாக ஐந்து சாதகம் அனுப்பி ஐந்தும் ஏன் திரும்பி வந்தது என்றும் விளங்கியது.

சொல்லாவிட்டால் அப்பா வெளியே வரமாட்டார். தமிழில் என்றால் எனக்கு வாய் வந்திராது, சிங்களம் என்றபடியால் சொன்னேன். இரண்டு பேரும் ஒருத்தரில ஒருத்தர் விருப்பம் மாத்தையா, கலியாணம் கட்டுற விருப்பம், ஊருக்குப் பயந்து ஒளிக்கினம், வேற ஒண்டுமில்லை என்றேன். அவர் சிரித்தார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, இதில சிரிக்க என்ன கிடக்கு, ஆரையும் வெட்டினவங்களோ கொத்தினவங்களோ, இது என்ர பிள்ளையின்ர கதை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு வந்தது. அப்படியா என்று இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். பின்னேரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

ஓட்டோவில் வரும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், பெடியன் எவ்வளவு காலம் தனிய ஒளிச்சுத் திரிஞ்சானோ என்று. அடுத்த நாள் விடிந்ததும் தானே போய்த் தரகர் சிவகாமிப்பிள்ளையிடம் உன் சாதகத்தைத் திருப்பி வாங்கி வந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், குசினிக்குள் இருந்து அழுதனான். ஆனால் மகன், நோயோ, எங்களில் வெறுப்போ, அங்கே பொலிஸ் மறியலோ என்று மூன்று வருஷமாக என்னென்னவோ நினைத்து நெஞ்சு காய்ந்து கிடந்தேன். இவ்வளவுதானா என்று இப்போது நித்திரை வருகிறது. தாய்க்கு ஒரு கடிதம் எழுதக் கை வராமல் ஊர் பார்க்க ரீவியில் போட்டாயே, அந்தக் கோபம் மட்டும் இருக்கிறது, நீ வந்தால் நேரில் தருவேன்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. லாபிரின் மச்சானிடம் மிளகாய்த்தூள் இரண்டு பொதி கொடுத்திருக்கிறேன், சிவப்பு நூல் கட்டினது உறைப்புக் குறைவு, அது மார்ட்டினுக்கு. இருவரும் நோய்நொடியில்லாமல் இருங்கள்.

ஒன்று மறந்துபோனேன். ஏழாவது சீடி முடிய, பாட்டுக்காரப் பொடியன் மேடையில் தனியப் பாட, மற்றவன் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு ரெயில் ஸ்டேசனுக்குப் போனானே, அதைப் பார்த்த அந்தச் சார்ஜன்ட் வாசல் வரை பின்னால் வந்து, நோனா, எட்டாவதில சேருவினமோ என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? ஓம், சேர்ந்திட்டினம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதே.

என்றும் உன் அம்மா,
கமலேஸ்வரி தங்கத்துரை