ஒத்துக்காத ஊசி

டாக்டர் அவர்களுக்கு,

பதினோரு வருஷத்தில் புருஷனை இப்படி அழைப்பது இதுதான் முதல் தடவை.

நம் மந்தைவெளி கிளினிக்கில் ஜோதிலட்சுமி, "பென்சிலின் ஊசி எனக்கு ஒத்துக்காது நர்சம்மா. போன தபா மூஞ்சி வீங்கி மூச்சே வுட முடில" என்றார். அதைச் சீட்டில் சிவப்பு மையில் எழுதி உங்களிடம் நீட்டினேன். படிக்காமலே அந்த ஊசியையே எழுதினீர்கள். நான் போட மறுத்தேன், நீங்களே போட்டீர்கள்.

ஐசியூவில் இன்று காலைதான் அவர் கண் திறந்தார். அவர் மகளிடம், "நர்ஸ் எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றீர்களாம். சீட்டை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டேன்.

மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நான் ஆதம்பாக்கத்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன்.

தப்பை ஒத்துக்கொள்வது உங்களுக்கு ஒத்துக்காது. கல்யாணத்துக்கு முன்பே இதையும் யாராவது சிவப்பு மையில் எழுதி என்னிடம் நீட்டியிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்களிடம் சொன்ன நர்ஸ்