கட்டைவிரல் போட்டது நான் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நீ நலமாக இல்லை என்று போன செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்ட பிறகு அதை எப்படி எழுதுவது. மூன்று தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததில் நியாயம் இருக்கிறது. நம் செய்திப் பெட்டியில் இன்னொரு வரி போடவும் எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும். கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டு நிலவரம். உன் சித்திக்கு முழங்கால் இப்போது தேவலை, ஆனாலும் இங்கே வருவதில்லை, படி ஏற முடியாதாம். மாடி வீட்டுக்காரர்கள் காலி பண்ணிப் போய்விட்டார்கள். நாற்காலியை இழுக்கிறார்கள் என்று அவர்களோடு மல்லுக்கு நின்றவள் நான், இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஆள் கூப்பிடவில்லை, ஏதோ ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேலைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. வாஷிங் மெஷினுக்கும் பிரின்டருக்கும் கையேடு எழுதிக்கொண்டிருந்த உன் அம்மா இப்போது ஏஐக்கு விரல் கொடுக்கிற ஒரு கருவிக்கு எழுதுகிறேன். ஏஐ திரையைப் பார்த்து, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஆள் உட்காராமலே அழுத்தும். அது எப்படி அழுத்தும், எங்கே தடுமாறும் என்று ஒவ்வொன்றாக நான் எழுத வேண்டும். நானே ஓட்டிப் பார்க்காத உதாரணத்தைக் கையேட்டில் சேர்க்கமாட்டேன் என்கிற என் பிடிவாதம் உனக்குத் தெரியும். ஆறாவது அத்தியாயத்துக்கு, புதிதாக ஒன்று வந்தால் அதைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்து என்று ஒரு உதாரணம் தேவைப்பட்டது. அதற்குத் தவறாமல் புதிதாக ஏதாவது வந்து விழுகிற இடம் வேண்டும். தேடிப் பார்த்தேன் பாப்பா, என் கம்ப்யூட்டரில் அப்படி ஒரே இடம்தான் இருந்தது, நீ எனக்கு அனுப்புகிற செய்தி. வேறு யார் எனக்கு அனுப்புகிறார்கள். நீ அனுப்பினால் திறந்து, சரி என்று காட்டுகிற கட்டைவிரல் படத்தைப் போடு என்று வைத்து, இரண்டு நாள் பார்த்து, ஒழுங்காக வேலை செய்கிறது என்று எழுதி முடித்தேன். வேலை முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்த மறக்காதீர்கள் என்று கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். போட்டவள் நிறுத்தவில்லை.

போனில் சத்தத்தை எப்போதோ அடைத்துவிட்டவள் நான், சிவப்பில் எண் தெரிந்தால்தான் திறப்பேன். நீ அனுப்பியதை எல்லாம் கம்ப்யூட்டரில் அந்தக் கருவி உடனுக்குடன் திறந்துவிட்டதால் போனில் எண் எதுவும் வரவில்லை. ஐந்து வாரம் நீ எழுதவே இல்லை என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அவளாக எழுதட்டும், எனக்கென்ன என்று. செவ்வாய்க்கிழமை, கையேட்டைச் சரிபார்க்கிற பெண், எதற்கெடுத்தாலும் கேட்பாள் என்று நாங்கள் அவளைக் கேள்வி என்றுதான் கூப்பிடுவோம், மேடம், உங்க உதாரணம் இன்னும் ஓடிட்டே இருக்கே, பரவாயில்லையா என்று கேட்டாள். கருவி தான் செய்ததைக் குறித்து வைக்கிற பதிவை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு வரி, ஒவ்வொன்றின் எதிரிலும் அழுத்தப்பட்டது, வெற்றி என்று இருந்தது. உடனே உன் செய்திகளைத் திறந்தேன். மாப்பிள்ளையும் நீயும் பிரிந்துவிட்டதாக நீ எழுதியதற்குக் கட்டைவிரல். தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறேன், சாப்பிடவே பிடிக்கவில்லை என்றதற்குக் கட்டைவிரல். ஏதாவது சொல்லும்மா, திட்டவாவது செய் என்றதற்கும் அதே கட்டைவிரல். நான் அன்றைக்கு இருந்த இருப்பை எழுதி உன்னை இன்னும் கஷ்டப்படுத்த வேண்டாம். ஆனால் அம்மா படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள் என்று மட்டும் நினைக்காதே, அதை என்னால் தாங்க முடியாது. மாப்பிள்ளை மேல் தப்பா உன் மேல் தப்பா என்று நான் கேட்கப்போவதில்லை. ஐந்து வாரமாக என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

கருவியை நிறுத்திவிட்டேன். உட்கார்ந்து பதிமூன்று கட்டைவிரலையும் ஒவ்வொன்றாக என் கையாலேயே எடுத்தேன். கடைசியை மட்டும் விட்டுவிட்டேன். அங்கே வந்து கொஞ்ச நாள் உன்னோட இருக்கட்டுமாம்மா என்று நீ கேட்டதற்கு அது போட்டது. அதைப் பார்த்த பிறகுதான் நீ எழுதுவதையே விட்டிருக்கிறாய், ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அம்மா போய்விட்டாள் என்று தோன்றியிருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கருவி சரியாக அழுத்தியது அது ஒன்றைத்தான். வா பாப்பா. கொஞ்ச நாள் என்ன கணக்கு, இருக்கிற வரை இரு.

எங்கே இருந்தாலும் என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. வேளைக்கு ஏதாவது வயிற்றுக்குப் போடு, தலையை ஈரத்தோடு கட்டாதே. கிளம்பும் நாளைச் செய்தியில் அனுப்பாமல் போன் பண்ணி உன் வாயால் சொல், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
ஐந்து வாரம் தாமதமாகப் பதில் எழுதும்
உன் அம்மா