இருபத்து நான்கு விநாடி

ஜனவரி 3, வெள்ளி

வேலந்தாவளம் பேருந்து நிழற்குடையின் தகரம் பறந்த செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். நான்கு பத்தி எழுதினால் ஒன்றரை பத்தி வரும். முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

மாலையில் ஒரு வீடியோ வந்தது. இருபத்து நான்கு விநாடி. வாய்க்கால் ஓரம் ஒரு பெண் பால் கேனில் வெள்ளைத் தூளைக் கரண்டியால் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்குகிறார். நாம் குடிக்கிற பால் இதுதான் என்று மலையாளத்தில் ஓர் ஆண்குரல். முகம் தெளிவு. காளியாத்தாள். நாலு மாடு வைத்துக்கொண்டு, எல்லை தாண்டிக் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடுவீடாகப் பால் ஊற்றுகிறவர்.

எல்லை நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் வீடியோ, அதன் கீழே தனியாக, "யாருக்காவது தெரியுமா? உறுதி இல்லை. விசாரிக்கிறேன்." இருபத்தாறு பேர் இருக்கிறோம். எது வந்தாலும் இப்படித்தான் போட்டுக் கேட்போம்.

ஜனவரி 4, சனி

காலையிலேயே போனேன். காளியாத்தாள் அதே வாய்க்காலில் அதே கேனோடு இருந்தார். வீடியோவைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, கேனு கழுவறதக் கூடவா படம் புடிப்பாங்க? துணி சோடாங்க அது. வெறுங் கேனுங்க."

குலுக்கினார், கீழே கொட்டினார், மூன்று தண்ணீர் அலசினார். வீடியோ கொட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பக்கத்துத் தோட்டக்காரரிடமும் கேட்டேன். இரண்டு பேர் சொல்லாமல் நான் எழுதுவதில்லை.

குழுவில் எழுதினேன்: "பொய். காலி கேன். கழுவுகிறார்." நான்கு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

ஜனவரி 6, திங்கள்

மனைவி கற்பகம் சமையலறையிலிருந்து போனோடு வந்தாள். அவளுடைய மகளிர் குழுவில் அதே வீடியோ.

"இது நீங்க அனுப்புனதுங்களா?"

அடியில் ஒரு வரி சேர்த்திருந்தது: வேலந்தாவளம் பத்திரிகை நிருபர் அனுப்பியது.

என் கேள்வி வரவில்லை. மறுநாள் எழுதியதும் வரவில்லை. அவை தனித்தனிச் செய்திகள். வீடியோவை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரி யார் எழுதியது என்று குழுவில் கேட்டேன். இருபத்தைந்து பேரும் படித்ததாக மட்டும் காட்டுகிறது.

வரியில் பிழை ஒன்றும் இல்லை. அனுப்பியது நிருபர்தான்.

ஜனவரி 7, செவ்வாய்

குழுவில் போட்ட வீடியோவை எல்லோருக்கும் அழிக்க முயன்றேன். நேரம் கடந்துவிட்டது. என் போனில் மட்டும் அழிகிறது.

ஜனவரி 9, வியாழன்

கொழிஞ்சாம்பாறை போனேன். காளியாத்தாள் பால் ஊற்றிய பதினான்கு வீட்டில் பதினொன்று நிறுத்திவிட்டன. ஜோமோள் டீச்சர் வீட்டு வாசலில் பாக்கெட் பால் கிடந்தது.

"சாரே, பாலு நல்லதாத்தான் இருக்கும். பட்சே ஒரு நிருபர் அனுப்பினதல்லே? வெறும் ஆளு அனுப்பியிருந்தா நான் பாத்துட்டு விட்டிருப்பேன். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு."

கேன் கழுவும் சோடா அது என்று சொன்னேன். தலையாட்டினார். அந்த நிருபர் யார் என்று அவர் கேட்கவில்லை. வேலந்தாவளத்தில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? வண்டியில் வரும்போது யோசித்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

பத்திரிகையின் கோவை டெஸ்க்கில் செய்தி பார்க்கிற சந்துருவைக் கூப்பிட்டேன். ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன்.

"அண்ணா, நாம போடாத செய்திக்கு நாம எப்படிண்ணா திருத்தம் போடறது?"

சரி என்றேன். அவன் சொல்வது சரிதான். நான் பத்திரிகையில் ஒரு வார்த்தை தவறாக எழுதவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் மூன்றே திருத்தம். இது எழுதியதில் சேராது. எழுதியது இல்லையென்றால் பின்னே என்ன? கை தானாகப் பேசிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கை பேசினால் நான் பொறுப்பில்லையா?

ஜனவரி 12, ஞாயிறு

காளியாத்தாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பாலைச் சோதனைக்குக் கொடுத்து, கலப்படம் இல்லை என்று தாள் வாங்கியிருக்கிறார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு மொபெட் ஹேண்டில்பாரில் கட்டியிருந்தார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

"ஒருத்தரும் படிக்க மாட்டேங்கறாங்கண்ணா. போனுல வந்தா உடுறதில்ல, தாளுல குடுத்தா பாக்கறதில்ல."

காபி குடித்தார். பாக்கெட் பால் காபி. கற்பகம் என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மாட்ட சந்தைக்கு ஓட்டிறலாம்னு இருக்கறனுங்க. பால் ஊத்த எடமில்லாம எதுக்குங்க தீனி? அந்த நிருபரு ஆருன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்கண்ணா. உங்குளுக்குத் தெரியாத ஆளா?"

"பார்க்கிறேன்" என்றேன்.

அவர் போன பிறகு கற்பகம் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "இன்னும் என்னத்தங்க பாக்கப் போறீங்க?" என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

எழுத எதுவும் இல்லை. போகி.

ஜனவரி 15, புதன்

பட்டிப் பொங்கல். காளியாத்தாள் பட்டியில் வருஷா வருஷம் அறுபது எழுபது பேர் நிற்பார்கள். மாட்டுக் கொட்டகைக்கு முன் சின்னக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, கன்றை மிதிக்க விட்டு, பொங்கலை இலையில் வைத்துக் கொடுப்பார். பால் வாங்குகிற மலையாளி வீட்டுக்காரர்களும் படம் எடுக்கவென்று வருவார்கள்.

இன்று அவர் அண்ணன் குடும்பம். பிறகு நான். பானை என்னவோ பழைய அளவுதான். பழக்கத்தில் அவ்வளவு அரிசி போட்டுவிட்டார்.

கன்று குழியை மிதிக்காமல் தாண்டிப் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் வீட்டார் உள்ளே போனதும் சொன்னேன். "அந்த நிருபர் நான்தான், காளியாத்தா."

அவர் மாட்டுக் கொம்புக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

"நீங்களாங்க."

"குழுவில் விசாரிக்கத்தான் போட்டேன்."

"வாய்க்காலுக்கு வந்து எங்கிட்டக் கேட்டீங்களே. அனுப்புனது அதுக்கு முந்தீங்களா, பொறவுங்களா?"

"முந்தின நாள் சாயங்காலம்."

அடுத்த மாட்டுக்குப் போனார். நான் எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேரான கேள்வியை நான் கேட்டதாக நினைவில்லை. என் வீட்டிலிருந்து அந்த வாய்க்கால் மூன்று கிலோமீட்டர்.

நான் கிளம்பும்போது இலையில் பொங்கல் வைத்தார். "சாப்புட்டுட்டுப் போங்க சார்" என்றார். இத்தனை நாள் அண்ணா.

ருசி தெரியவில்லை. முழுவதும் தின்றேன்.

ஜனவரி 16, வியாழன்

காளியாத்தாள் போனில் கூப்பிட்டார். ஒரே பேச்சு.

"பதினாலு ஊட்டுக்கும் எங்கூட வந்து சொல்லோணுங்க. தாளு வேண்டா. போனு வேண்டா. வாயில சொல்லோணும்."

ஜனவரி 18, சனி

போனேன். அவர் மொபெட் முன்னால், என் ஸ்கூட்டர் பின்னால். வீட்டுக்கு வீடு ஒரே வாக்கியம்: "அந்த வீடியோவை அனுப்பிய நிருபர் நான்தான். விசாரிக்காமல் அனுப்பினேன். அது கேன் கழுவும் சோடா. பால் சுத்தம்."

முதல் வீட்டில் வாக்கியத்தை இரண்டு முறை தொடங்கினேன். ஐந்தாவது வீட்டில் சரளமாகிவிட்டது. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஜோமோள் டீச்சர் நெடுநேரம் என்னையே பார்த்தார். பிறகு காளியாத்தாளிடம், "நாளைக்கு அரை லிட்டர்" என்றார்.

ஒன்பதாவது வீட்டில் மாடியிலிருந்து யாரோ போனைப் பிடித்திருந்தார்கள். பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

ஜனவரி 20, திங்கள்

வந்துவிட்டது. இது பதினொரு விநாடி. "அந்த வீடியோவை அனுப்பிய நிருபர் நான்தான். விசாரிக்காமல் அனுப்பினேன்." அதோடு நிற்கிறது. மீதியை வெட்டிவிட்டார்கள். அடியில்: பால்காரியிடம் பேரம் படியாமல் மாட்டிவிட்ட நிருபர்.

எங்கள் இருபத்தாறு பேர் குழுவிலும் ஒருவர் போட்டிருந்தார். அதன் கீழே தனியாக: "உறுதியா?"

ஜனவரி 21, செவ்வாய்

சந்துரு கூப்பிட்டான். "கொஞ்ச நாள் செய்தி அனுப்ப வேண்டாங்கண்ணா. மேல சொல்றாங்க. எனக்குத் தெரியும், நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு."

"அவர்கள் யாராவது என்னிடம் கேட்டார்களா?"

"வீடியோ பாத்தாங்கண்ணா."

குழுவை விட்டு வெளியேறினேன். வெளியேறினார் என்று ஒரு வரி அங்கே நிற்கும்.

ஜனவரி 25, சனி

மாடு இரண்டையும் காளியாத்தாள் விற்கவில்லை. கற்பகம் விசாரித்து வந்து சொன்னாள். ஒன்பது வீடு திரும்பியிருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஆறேகால். பாக்கெட்டை நிறுத்திவிட்டோம். இன்று முதல் எங்கள் வீட்டுக்கும் காளியாத்தாள்தான். என்னோடு பேசவில்லை. கற்பகத்தோடு பேசினார்.

கேனைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பால் ஊற்றி, எங்கள் கண் முன்னால் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் அளந்தார்.

"நம்மூட்ல எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் கற்பகம்.

"எல்லா ஊட்லயும் இப்பிடித்தானுங்க அம்மிணி இப்ப" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார்.