யமிலா இன்னும் முடிக்கவில்லை

மோந்தேவிதேயோ,
ஜூன் 9

அன்புள்ள பேசாமடந்தைக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், எதிரே வைத்துத் திட்டுவதற்கு நான் இல்லாத குறையைத் தவிர. இங்கே விடுதியில் குளிர் எலும்பைக் கடிக்கிறது. மாத்தே இலைக் கஷாயம் குடித்துக் குடித்து என் நாக்கு பச்சையாகிவிட்டது.

நாளைக்குப் பேருந்தில் உனக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே புதுப் பேச்சுப்பலகை. பழையதில் எழுத்துகள் மேல் விளக்கு வரிசை வரிசையாக ஊர்ந்து, வேண்டிய எழுத்துக்கு வந்ததும் நீ முழங்காலால் பொத்தானை இடித்து, ஒரு வாக்கியம் முடிவதற்குள் உன் மாமா வாஷிங்டன் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். இனி முதல் எழுத்தை இடித்தால் போதும். மீதியைப் பலகையே ஊகிக்கும். நீ கொஞ்சம் தயங்கினால் தானே உரக்கச் சொல்லியும்விடும்.

எங்கள் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து செய்தது. ஊகிக்கும் மூளை மட்டும் அடியேனின் கைவண்ணம். எதைக் கொடுத்து வளர்த்தேன் என்கிறாயா? இதுவரை நான் எழுதிய அத்தனை கடிதங்களையும் ஊட்டினேன். உன்னுடையவை கொஞ்சம்தான் இருந்தன, பிள்ளைக்குப் பசி அடங்கவில்லை. குரல் அந்த நால்வரில் ஒருத்தி, என் தோழி மிலாக்ரோஸுடையது. மத்ரித் செய்தி வாசிப்பாளர் மாதிரிப் பேசுமே பழைய குரல், அவருக்கு ஓய்வு கொடுத்துவிடு.

ஆகஸ்டில் பள்ளிக் கண்காட்சி. நீ வீட்டிலிருந்தே திரையில் வந்து நடுவர்களிடம் பேச வேண்டும். ஜெயித்தால் எங்கள் குழு அடுத்த சுற்றுக்குச் சிலி நாட்டுச் சாந்தியாகோவுக்கு விமானத்தில் போகும். நான் இதுவரை ஏறிய உயரம் உங்கள் வீட்டு ஆரஞ்சு மரம்தான்.

உன் முழங்காலின் மூத்த ரசிகன்,
கஸ்தோன்


பைசாந்தூ,
ஜூன் 24

ஓயாத வாய்க்கு,

பழைய பலகையில் எழுதுகிறேன். மதியம் தொடங்கினேன், இப்போது விளக்குப் போட்டாயிற்று. அதனால் சுருக்கமாகத் திட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் த்ருக்கோ சீட்டாட்ட அரையிறுதி, உன் புதுப் பலகையோடு போனேன். நானும் மாமாவும் ஒரு ஜோடி. எதிரே மீன்கடை அனிபால். பாதி சீட்டு, பாதி பொய் என்று ஓடுகிற ஆட்டம். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. என் முகத்தில் யாராலும் எதையும் படிக்க முடியாது என்பது மற்ற இடங்களில் கஷ்டம், அந்த மேசையில் வரம்.

கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை. அனிபால் சவால் விட்டார். 'வேண்டாம்' என்று விலக வேண்டியதுதான். ஆனால் உடனே விலகினால் மாமாவின் சீட்டையும் மோப்பம் பிடித்துவிடுவார். நல்ல சீட்டு இருப்பவள் போலக் கொஞ்சம் காத்திருந்தேன்.

பலகைக்குள் இருக்கும் உன் மூளை காத்திருக்கவில்லை. "ஏத்துக்கிட்டேன் கிழவா, இறக்கு சீட்ட" என்றது.

தோற்றோம். "போகட்டும் கண்ணு, மிஷின்தானே" என்றார் மாமா. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கிளப்பே எழுந்து கைதட்டியது. "இந்தப் புள்ளைக்கு என்ன தைரியம் பாருய்யா" என்றார் அனிபால். நான் சொல்லாத ஒன்றுக்கு. அங்கே எனக்கென்று விழுந்த முதல் கைதட்டல் அது, கஸ்தோன். அது உனக்கு விழுந்தது.

தயங்கினால் பேசுவதை எடுத்துவிடு. உன் வார்த்தைகளையும் எடு. இல்லாவிட்டால் கண்காட்சிக்கு நான் வரவில்லை.

யமிலா


மோந்தேவிதேயோ,
ஜூன் 27

கோபக்கார மகாராணிக்கு,

உன் கடிதத்தை மிலாக்ரோஸுக்குப் படித்துக் காட்டினேன். 'இறக்கு சீட்ட' என்ற இடத்தில் இருவரும் சிரித்தோம். அவள் உடனே நிறுத்திக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. மன்னித்துக்கொள்.

ஆனால் நீயே யோசி. நடுவர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஊகம் இல்லாமல் நீ ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அரங்கமே கலைந்து காபிக்குப் போய்விடும். யாரும் காத்திருக்க மாட்டார்கள், யமிலா. அது உலகத்தின் குணம், நான் செய்த கோளாறு இல்லை. அதன் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க உனக்கு இரண்டு சக்கரம் மாட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

கண்காட்சி வரைக்கும் பொறுத்துக்கொள். அது முடிந்த மறுநாளே எடுத்துவிடுகிறேன். ஒரு சீட்டாட்டத்துக்காக விமானத்தை விடச் சொல்கிறாயே.

கெஞ்சும்,
கஸ்தோன்


மோந்தேவிதேயோ,
ஜூலை 13

யமிலா,

பதிலே இல்லை. மெதுவாக எழுதுகிறாய் போலிருக்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் உன் மாமாவைக் கூப்பிட்டேன். "அவ நல்லாத்தான் இருக்கா. தெருவுல எல்லார்கிட்டயும் பேசுறா. உன்கிட்டதான் பேசலையாம்" என்றார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. சனிக்கிழமை எங்களிடம் இருக்கும் இன்னொரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்க வாயைத் திறப்பதில்லை, முழங்காலால்தான் பேசுவது என்று உட்கார்ந்தேன். உன் பேச்சு தப்பு என்று நிரூபிக்கத்தான். மிலாக்ரோஸ் பேக்கரிப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என் பிஸ்கோச்சோவ எவன்டா தின்னது?" என்று கத்தினாள். நான் யோசித்தேன். யோசிக்கத்தான் செய்தேன். அதற்குள் பலகை, "நான்தான், என் செல்லமே" என்றது, அவள் குரலிலேயே.

தின்றது நான்தான். 'என் செல்லமே' என்பதும், நீ யாரிடமும் சொல்லாதே, பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டையும் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது என் பாடு இல்லையா? அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மறுநாள் வாய் இருந்தது, போய் உளறிச் சமாளித்தேன். உனக்கு நான் அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

தானே பேசுவதை இங்கிருந்தபடியே உன் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். இனி நீ இடிக்காமல் அது மூச்சுவிடாது. என் கடிதங்களையும் அதன் வயிற்றிலிருந்து கக்கவைத்தாயிற்று. உன்னுடையதை மட்டும் தின்று மெலிந்து போயிருக்கிறது. குழுவில் மற்ற இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மிலாக்ரோஸ் உன் கட்சி.

கண்காட்சிக்கு வா, வராமல் இரு. ஆனால் எழுது.

கஸ்தோன்


பைசாந்தூ,
ஜூலை 16

பிஸ்கோச்சோ திருடனுக்கு,

வருகிறேன். அவளிடம் நீ என்ன பொய் சொல்வதாக இருந்தாய்?

யமிலா


மோந்தேவிதேயோ,
ஆகஸ்ட் 22

அன்புள்ள யமிலா,

பூனை மேல் பழி போடுவதாக இருந்தேன். விடுதியில் பூனை கிடையாது.

உன் திரையில் என் மூக்கு மட்டும்தான் தெரிந்ததாம், மாமா சொன்னார். அதனால் அரங்கத்தை நான் சொல்கிறேன். கண்ணாடி போட்ட நடுவர், "இந்தப் பலகையில உனக்கு என்னம்மா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார் இல்லையா, விளக்கு ஊரத் தொடங்கியதும் பின்வரிசை எழுந்து போனது. யாரோ இருமினார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரே, "வேகமா? சுலபமா இருக்கா? சுலபம்தானே?" என்று உனக்கு எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். மிலாக்ரோஸ்தான், "அவ இன்னும் முடிக்கல சார்" என்றாள். அந்த ஆள் காது சிவந்து உட்கார்ந்தார்.

அப்புறம் வந்தது உன் வாக்கியம்: "இது குறுக்க பேசாது. நீங்கதான் பேசுறீங்க."

மிச்சமிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் நாம் ஜெயிக்கவில்லை. பால் தீர்ந்தால் கத்துகிற ஒரு குளிர்பெட்டி ஜெயித்தது. சாந்தியாகோவுக்கு அது பறக்கிறது. எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் நம்பமாட்டாய். இரண்டு நாள் பால் குடிக்கவில்லை.

உன்
கஸ்தோன்


பைசாந்தூ,
செப்டம்பர் 9

அன்புள்ள கஸ்தோன்,

புதுப் பலகையில் எழுதுகிறேன். என் கெட்ட வார்த்தைகளையெல்லாம் அழகாகக் கற்றுக்கொண்டுவிட்டது. நல்ல பிள்ளை.

நேற்று கிளப்பில் மறுபடியும் அனிபால். கடைசி ஆட்டம், இரு பக்கமும் சமம். சவால் விட்டார். நான் விளக்கை ஓடவிட்டேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. எதையும் இடிக்கவில்லை. "சொல்லு புள்ள" என்றார். "யோசிக்கிறா, பொறுய்யா" என்றார் மாமா. பக்கத்து மேசையில் ஆட்டம் நின்றுவிட்டது. அனிபால் தன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் மெதுவாக இடித்தேன். "ஏத்துக்கிட்டேன். மேல ஏத்துறேன்."

சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகிவிட்டார், ஆட்டம் எங்களுக்கு. "இவ கையில என்னமோ வச்சிருக்கா, ராட்சசி" என்று எழுந்து போனார். ஊருக்குள் என்னை இதுவரை யாரும் திட்டியதில்லை, தெரியுமா? எல்லோரும் தலையைத் தடவிவிட்டுத்தான் போவார்கள்.

கையில் என்ன இருந்தது என்று மாமா வழியெல்லாம் நச்சரித்தார். நான் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்: கோப்பைப் படம் போட்ட நாலாம் சீட்டு. அன்றைய ஆட்டத்தில் அதைவிடத் தாழ்ந்த சீட்டே கிடையாது.

யாரிடமும் சொல்லிவிடாதே. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

யமிலா