வடகிழக்கு மூலையின் நிறம்

அல்லிநகரம்,
நவம்பர் 18.

அன்பு மகன் சகாய பிரவீனுக்கு,

அம்மா ஜெயமேரி ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். நீ வாங்கிக் கொடுத்த இந்த இரண்டாம் மாடி வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, குறை ஒன்றுமில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். நானும் உன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிடுவேன்.

நேற்று சுருளிவேல் வந்திருந்தான். ஓடைப்பட்டியில் நம் திராட்சைத் தோட்டத்தை வாங்கினவன்தான். ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டுவந்தான். நானும் உன் அப்பாவும் நட்ட கொடியில் காய்த்தது. போன மாசியில் தோட்டத்து வடகிழக்கு மூலையில் தண்ணீருக்குப் போர் போட்டானாம். "முந்நூத்தி இருபது அடியில பீறிக்கிட்டு வந்துருச்சுக்கா. போர் போட்டவகளே அசந்து போயிட்டாக" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, அன்னைக்குத் தண்ணி பாத்த தம்பியோட மெஷின் தப்பாச் சொல்லிருச்சோ என்று கேட்டான்.

எனக்கு வந்ததே கோபம். ஆர்க்டிக்கில் மண்ணுக்கடியில் எங்கெங்கே பனிக்கட்டி புதைந்து கிடக்கிறது என்று வரைபடம் போடுகிற பிள்ளை, அவன் மெஷின் ஒருநாளும் தப்பாகச் சொல்லாது என்று சண்டைக்குப் போகாத குறையாகப் பேசி அனுப்பினேன். அவன் படியிறங்கிப் போன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

போன வருடம் மே மாதம் நம் இரண்டு போரும் வற்றிக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. நீ மதுரை நண்பனிடம் அந்த மெஷினை வாங்கி வந்தாய். மின்சாரம் விடுவதற்கு இரும்புக் கம்பிகளை வரிசையாகத் தரையில் அடித்தது நான்தான். கை கொப்புளம் போட்டுவிட்டது. சாயங்காலம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கீழ வெறும் பாறைம்மா, இனி இங்கன போர் போட்டுப் புண்ணியமில்ல" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆடியில் தோட்டத்தை விற்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் உன் வரைபடத்தைக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினாயே. மின்சாரத்தை விடாத பனிக்கட்டி சிவப்பு. சிவப்பு இருக்கும் இடத்தில் வீடு கட்டினால், பனி உருகும்போது தரை உள்வாங்கி வீடு சாய்ந்துவிடும் என்றாய். நம் ஊரிலும் இதே நிறம்தானா என்று கேட்டேன். பாறையும் சிவப்புத்தான், தண்ணீர் எந்த ஊரிலும் நீலம்தான் என்றாய். பெருமையாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த மெஷின் நம் தோட்டத்துக்குப் போட்ட வரைபடத் தாளை நீ பீரோவில் உன் பழைய சான்றிதழ்களோடு விட்டுப் போயிருந்தாய். நேற்று எடுத்துப் பார்த்தேன். தாள் முழுக்கச் சிவப்பு. வடகிழக்கு மூலையில் மட்டும் என் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

உன் தங்கை ரோஸ்லினைக் கேட்டேன். அழுதாள். நான் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கடியில் மயங்கி விழுந்ததிலிருந்து நீங்கள் இருவரும் பயந்தீர்களாம். "தண்ணி இருக்குன்னு தெரிஞ்சா அம்மா தோட்டத்த விட்டு வராது" என்று நீதான் சொன்னாயாம். எல்லாம் என் நல்லதுக்குத்தானாம். "வயசாயிருச்சு, வித்துரும்மா" என்று என்னிடம் நேராகச் சண்டை போட்டிருக்கலாமே. பத்து நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே. ஏமாற்றிவிட்டாய், பிரவீன். அதுவும் என் கையாலேயே கம்பி அடிக்கவைத்து ஏமாற்றினாய்.

திராட்சைக் கூடை மேசையிலேயே இருக்கிறது. ஒன்றைக்கூட வாயில் வைக்க மனம் வரவில்லை.

அங்கே உன் வரைபடத்தை நம்பி வீடு கட்டப் போகிறவர்களுக்கு நீ யாரோ. அவர்களுக்காவது உள்ளதை உள்ளபடி போட்டுக் கொடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

இது கைக்குக் கிடைத்ததும் கூப்பிடு. மாத்திரை போட்டேனா என்று கேட்காதே. வடகிழக்கு மூலையில் என்ன நிறம் தெரிந்தது என்று மட்டும் சொல். எனக்குத் தெரியும். ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும்.

இப்போதும் உன் அம்மாதான்,
ஜெயமேரி