உன் கையின் நிழல்

இன்று காலை நம் ஆபீசில் மின்சார விளக்கு மாட்ட ஆள் வந்தான். கீழே பெரிய ஆபீசுக்கு விளக்கு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. மாடியில், நாம் படம் எழுதிக்கொண்டிருந்த அறைக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது. ஏணியில் நின்றபடி அவன் என்னைக் கேட்டான்.

“சார், இந்த மேசைல உக்கார்றவங்க எந்தக் கையால எழுதுவாங்க? அதுக்குத் தோதா லைட்டத் தொங்கவிடணும்லா.”

வலது கை என்று சொன்னேன். சொல்லிவிட்டு இறங்கிப் போய், ரயில் பட்டறை வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. இந்த ஒரு கேள்வியை உன்னிடம் யாரும் கேட்கவில்லையே.

அந்த அறையை அறை என்று சொல்வதே பெரிய மனசு. ரயில் பெட்டி மாதிரி நீளம், அகலமே கிடையாது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் இடது சுவரில். நம் மேசைகள் ஒன்றன் பின் ஒன்றாக, தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியைப் பார்த்துக் கிடந்தன. ஆபீசில் நமக்கெல்லாம் மேலே அவர், அவர் தலைக்கு மேலே மாலை போட்ட முருகன் படம். துரைமார் வரைந்த பாலத்தின் படங்கள்மேல், கஞ்சி போட்டு வழவழப்பாக்கிய மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டை மசியால் எழுதி எடுப்பது நம் வேலை. கோடு மயிரிழை பிசகினாலும் துணியே வீண். இடப்பக்கத்து வெளிச்சம் எனக்கு வாகாக இருந்தது. நீயோ இடது கைக்காரன். பேனா முனை எங்கே போகிறதோ அங்கேயெல்லாம் உன் கையின் நிழலும் கூடவே போனது.

“எங்கையே எனக்குக் கொட புடிக்குதுப்பா, வெயில் படாம!” என்று சிரிப்பாய். சாயங்காலம் கண் சிவந்து, நெற்றிப் பொட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவாய். அப்போது அந்தச் சிரிப்பைக் காணோம்.

நீ சும்மா இருக்கிற ஆளும் இல்லை. வலப்பக்கச் சுவருக்கு உன் செலவிலேயே சுண்ணாம்பு அடித்தாய். பிஸ்கட் டின் மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேசைக்குத் திரும்பும்படி ஆணியில் மாட்டினாய். காலையில் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் வெயில் இறங்கியதும் வட்டமாக ஒரு வெளிச்சம் கிளம்பிப் போய்ப் பெரிய கிராணியின் வழுக்கையில் உட்கார்ந்தது. அவர் நகர, அதுவும் நகர, நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமித் தொலைத்தேன். மூடி அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று.

ஜன்னலைப் பார்த்து மேசையைப் போட்டால் நடக்க வழியில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை, பெரிய கிராணி கீழே போயிருந்த நேரம், நாம் இருவரும் தூக்கி உன் மேசையை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினோம். ஜன்னல் உன் வலப்பக்கம் வந்தது. நீ உட்கார்ந்து ஒரு வளைவை இழுத்தாய். நிழல் கையை விட்டு வெளியே, துணிக்கு அப்பால் விழுந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல நாள் பசிக்குச் சோற்றைக் கண்டவன் முகம் அது.

அவர் திரும்பி வந்தபோது உன் முதுகைத்தான் பார்த்தார். உன்னிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்.

“என்னய்யா இது? சாமிக்கும் முதுகு, எனக்கும் முதுகா?”

நான் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ எழுந்தாய். எழுதி முடித்த துணி கையில், வாயெல்லாம் பல். “பாருங்க சார், ஒரு பிசிறு இல்ல!” என்று நீட்டினாய். இடது கையால் நீட்டினாய்.

சோற்றில் வைக்காத கை, திருநீறு வாங்காத கை. ஒரு வெற்றிலையைக்கூட நீ அந்தக் கையால் யாருக்கும் கொடுத்ததில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டாய், அவ்வளவுதான்.

“பீச்சாங்கையால நீட்டுறான் பாரு எங்கிட்ட” என்றார் அவர். துணியை வாங்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் இல்லை.

மேசை பழைய பக்கத்துக்கே திரும்பியது. கூடவே ஒரு உத்தரவு: இனி இந்த அறையில் வலது கையால்தான் எழுத வேண்டும். நீ எழுதிப் பார்த்தாய். கோடு நடுங்கியது. துணி துணியாக வீணாயிற்று. நான் அவர் வீட்டுக்குப் போனேன். பத்துமலை முருகனுக்குக் காவடி எடுக்கிற மனுஷர்தானே, இரங்குவார் என்று நம்பினேன். உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, “என் கைல என்ன இருக்கு? சரியா எழுதாதவன வச்சிக்க முடியுமா?” என்றார். துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் பெரிய கிராணியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதற்கு மேல் போய்ச் சொல்ல எனக்கு ஆள் தெரியவில்லை.

கோடு போடுவதைத் தவிர உனக்கு வேறு எதிலும் ஆசை இருந்ததில்லை. உன்னை அதிலிருந்து எடுத்து, பூச்சோங் பக்கம் காட்டில் சாலை அளக்கும் கூட்டத்தோடு அளவுச் சங்கிலி பிடிக்க அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடி வந்தேன். கறுத்திருந்தாய். வானத்தைக் காட்டினாய்.

“பாத்தியா? இங்க வெளிச்சம் கொட்டிக் கெடக்குலா. வரையறதுக்குத்தான் ஒண்ணுமில்ல.”

வழக்கம்போல் சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் காட்டுக் காய்ச்சல். கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று ஆள் சொல்லி, ரயிலேறி ஓடிவந்தேன். உனக்கு என்னைத் தெரியவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உன் இடது கை மட்டும் போர்வைமேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வளைவு வளைவாக எதையோ எழுதிக்கொண்டிருந்தாய். மருந்து கட்டும் டிரஸரைக் கேட்டேன். காய்ச்சலில் எல்லாரும் இப்படித்தான் போர்வையைத் துழாவுவார்கள் என்றார். இருக்கலாம். எனக்குப் படம் எழுதுவதாகத்தான் தெரிந்தது.

உன் கைமேல் என் நிழல் விழுந்திருப்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். எழுந்து நாற்காலியைக் கட்டிலின் மறுபக்கம் போட்டுக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் போர்வைமேல் வந்தது. உன் கை நின்றது, பிறகு மறுபடியும் எழுத ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் நீ போய்விட்டாய்.

உனக்காக நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. இப்போதும் யாராவது குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் வெளிச்சத்தை மறைக்காமல் ஒதுங்கி நிற்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.